மருந்து ஏன் கேட்கவில்லை?

(ஆதரவாளர் தின ஸ்தோத்திரக் கூட்டத்தில் நமது மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்த நாளில் எத்தனை பிரசவம் நடந்தது, எத்தனை ஆபரேஷன் நடந்தது, எந்தக் கட்டடம் எழும்பியது என்று உங்களுக்குக் கணக்குச் சொல்லுவோம். அந்தக் கணக்கைக் கண்காணிப்பாளர் அவர்கள் சற்று முன்பு வாசித்துவிட்டார்கள். எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கிற நேரத்தில் ஒரே ஒரு கேள்வியைக் குறித்துப் பேச விரும்புகிறேன். பெண்கள் வார்டில் ஒரு தாயார் என்னிடம் கேட்ட கேள்வி அது. அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. போதகனாகிய எனக்குத் தெரியாத அந்தப் பதிலை நம் டாக்டர் அம்மா ஒரு காகிதத்தில் படம் வரைந்து விளக்கினார்கள். அதன் பிறகு நான் மனந்திரும்ப வேண்டியதாயிற்று. அதையும் மறைக்காமல் சொல்லுகிறேன்.

பெண்கள் வார்டில் கேட்ட கேள்வி

அந்தத் தாயாருக்கு வயது 58. முப்பது வருடம் கிராமங்களில் பைபிள் உமனாக ஊழியம் செய்தவர்கள். பக்கவாதம் வந்து சேர்க்கப்பட்டிருந்தார்கள். வாய் சற்றுக் கோணியிருந்தது. வலது கை தலையணைமேல் துவண்டு கிடந்தது. நான் ஜெபித்து முடித்து எழுந்தபோது, இடது கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். எனக்கும் என் தங்கச்சிக்கும் ஒரே பிரஷர் மாத்திரைதான் குடுத்தாங்க. அவளுக்கு ரெண்டு மாசத்துல கேட்டுருச்சு. எனக்கு ஒண்ணை ரெண்டாக்கினாங்க, ரெண்டை மூணாக்கினாங்க. கேக்கவே இல்ல. என் விசுவாசத்துல என்னய்யா குறை?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

"நீங்கதானே ஐயா சொன்னீங்க" என்றார்கள்.

அவர்கள் குறையாகச் சொல்லவில்லை. மெய்யாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டார்கள். அப்பொழுதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. லெந்து நாட்களில் விதைக்கிறவன் உவமையை வைத்து நான் ஒரு பிரசங்கம் செய்திருந்தேன். ஒரே விதைதான், ஆனால் நிலம் நான்கு விதம் என்று விளக்கிவிட்டு, "வசனமானாலும் சரி, மருந்தானாலும் சரி, நல்ல நிலத்தில் விழுந்தால்தான் பலன் தரும். உன் நிலம் எப்படிப்பட்டது என்று உன்னையே கேட்டுப் பார்" என்று முடித்தேன். அன்றைக்குப் பலர் வந்து கைகுலுக்கி நல்ல செய்தி என்றார்கள். இந்தத் தாயாரோ வீட்டுக்குப் போய், மருந்து கேட்காததற்குத் தன்னுடைய கெட்ட நிலமே காரணம் என்று தீர்மானித்துவிட்டார்கள். மாத்திரைகளை எடுத்து வைத்துவிட்டு உபவாசத்தில் தரித்திருந்தார்கள். ஐந்தாவது வாரம் அடுப்படியில் விழுந்து கிடந்தார்கள்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் டாக்டர் அம்மாவின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "விசுவாசத்தைப் பற்றிச் சொல்ல நீங்கள் இருக்கிறீர்கள் ஐயா. இரத்தக் குழாயைப் பற்றி நான் சொல்லுகிறேன்" என்று சொல்லி, பழைய கேஸ் ஷீட் ஒன்றின் பின்பக்கத்தில் வரையத் தொடங்கினார்கள்.

ஒரு செல்லின் உள்ளே

நம்முடைய இரத்தக் குழாய்களை வெறும் தண்ணீர்க் குழாய் போல நாம் நினைத்துக்கொள்கிறோம். அவை உயிருள்ளவை. குழாயின் உட்புறம் முழுவதும் மெல்லிய ஒரு படலம் இருக்கிறது. அதன் கனம் ஒரே ஒரு செல்தான். இரத்தம் நேரடியாகத் தொட்டுக்கொண்டு ஓடுவது இந்தப் படலத்தைத்தான். அதற்கு வெளியே குழாயைச் சுருக்கவும் விரிக்கவும் தசைச் செல்கள் இருக்கின்றன.

இந்தச் செல் ஒவ்வொன்றின் நடுவிலும் உட்கரு என்ற ஒரு சிறு உருண்டை உண்டு. ஒரு மில்லிமீட்டரை நூறு பங்காக்கினால் ஒரு பங்கு இருக்கும். அதற்குள்ளே டி.என்.ஏ. என்ற நூல் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. அதை நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரும். ஓர் ஆள் உயரத்துக்கும் அதிகமான நூலைக் கண்ணுக்குத் தெரியாத ஓர் உருண்டைக்குள் சிக்கில்லாமல் வைத்திருக்கிறவருடைய ஞானத்தை என்னவென்று சொல்ல!

இந்த நூல் ஏனோதானோவென்று திணிக்கப்பட்டிருக்கவில்லை. ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருக்கிறது. நம் சபை அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு எல்லாம் இருக்கின்றன. தினமும் தேவைப்படுகிறவை மேசைமேல் திறந்திருக்கும். பழையவை கயிறு போட்டுக் கட்டிச் சுவரோரத்துப் பீரோவில் இருக்கும். உட்கருவிலும் அப்படியே. இப்பொழுது வேண்டிய பகுதிகள் தளர்ந்து திறந்திருக்கின்றன. வேண்டாத பகுதிகள் இறுகச் சுற்றப்பட்டு, பெரும்பாலும் சுவரோரத்தில் ஒட்டி மூடியிருக்கின்றன. உட்கருவின் சுவருக்கு உட்பக்கத்தில் லாமின் என்ற புரதத்தால் பின்னிய ஒரு வலை உண்டு. சுவரைத் தாங்குவதும் அதுவே, அந்தக் கட்டுகளைப் பிடித்து வைப்பதும் அதுவே.

இந்தச் சுவர் தனித்து நிற்கவில்லை. செல்லின் வெளிப்புறம் வரை இழைகளால் கட்டப்பட்டிருக்கிறது. இரத்தம் ஓடும் இழுப்பு அந்த இழைகள் வழியாக உட்கருவரைக்கும் எட்டுகிறது. குழாய் நேராக இருக்கும் இடங்களில் ஓட்டம் சீராக இருக்கிறது. அங்கே செல்லும் அதன் உட்கருவும் ஓட்டத்தின் திசையிலே நீளவாக்கில் படுத்துக்கொள்கின்றன. குழாய் கிளை பிரியும் இடங்களில் ஓட்டம் சுழித்துக் கலங்குகிறது. அங்கே செல்கள் ஒழுங்கு தப்பிக் கிடக்கின்றன. கொழுப்பு படிந்து அடைப்பு உண்டாவது பெரும்பாலும் அப்படிப்பட்ட இடங்களில்தான்.

ஒரே கடிதம், வேறு வேறு பதில்

இப்பொழுது ஹார்மோனுக்கு வருவோம். ஹார்மோன் என்பது ஓர் உறுப்பு இரத்தத்தின் வழியாகத் தூரத்திலுள்ள மற்ற உறுப்புகளுக்கு எழுதுகிற கடிதம் போன்றது. சிறுநீரகத்தின்மேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பி ஆல்டோஸ்டீரோன், கார்டிசால் என்ற கடிதங்களை எழுதுகிறது. பெண்களின் சினைப்பை ஈஸ்ட்ரோஜன் என்ற கடிதத்தை எழுதுகிறது. கடிதம் இரத்தக் குழாயின் செல்லுக்கும் வந்து சேருகிறது.

அதை வாங்கிப் படிக்க ஓர் ஆள் வேண்டுமே. அந்த ஆளுக்கு ஏற்பி என்று பெயர். ஈஸ்ட்ரோஜனுக்கு உடலில் இப்படி ஓர் ஏற்பி உண்டு என்பதை எல்வுட் ஜென்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி கண்டார். 1958-இல் வியன்னா நகர மாநாட்டில் அவர் அதைச் சொன்னபோது, கேட்க வந்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாமாம். காலியான பெஞ்சுகளுக்குப் பிரசங்கம் செய்திருக்கிற என்னைப் போன்றவர்களுக்கு இது ஒரு ஆறுதல்!

ஏற்பியைச் சபை அலுவலகத்துக் குமாஸ்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆல்டோஸ்டீரோனையும் கார்டிசாலையும் வாங்கும் குமாஸ்தாக்கள் பெரும்பாலும் உட்கருவுக்கு வெளியே வராந்தாவில் காத்திருக்கிறார்கள். கடிதம் கைக்கு வந்ததும், உட்கருச் சுவரிலுள்ள சிறு வாசல்கள் வழியாக உள்ளே போகிறார்கள். ஈஸ்ட்ரோஜனுடைய குமாஸ்தா பெரும்பாலும் உள்ளேயே இருக்கிறார். அவரில் சிலர் செல்லின் வெளிவாசலிலும் நிற்கிறார்கள். வாசலில் நிற்பவர் கடிதம் வந்த சில நிமிஷங்களுக்குள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை உண்டாக்கச் செய்து குழாயைத் தளர்த்துகிறார். இரத்தக் குழாயைத் தளர்த்தும் செய்தியாளாக அந்த வாயு வேலை செய்வதைக் கண்டறிந்த மூவருக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் நீண்ட நாளைக்குரிய வேலை உள்ளேதான் நடக்கிறது. உள்ளே போன குமாஸ்தா உரிய பதிவேட்டைத் தொட்டு, "இதை எழுது, அதை நிறுத்து" என்று சொல்ல வேண்டும்.

அன்பானவர்களே, இந்த இடத்தைக் கவனியுங்கள். குமாஸ்தா நல்லவர்தான். கடிதமும் சரியானதுதான். ஆனால் அவர் தேடி வந்த பதிவேடு கயிறு போட்டுக் கட்டிப் பீரோவில் பூட்டியிருந்தால் என்ன செய்வார்? அநேகமாகத் திரும்பிப் போய்விடுவார். கார்டிசால் ஏற்பி டி.என்.ஏ.வில் எங்கெங்கே போய் உட்காருகிறது என்று ஆராய்ந்தவர்கள் 2011-இல் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். அது உட்காருகிற இடங்களில் மிகப் பெரும்பாலானவை, ஹார்மோன் வருமுன்னே திறந்திருந்த இடங்கள். ஒரு வகைச் செல்லில் ஓர் இடம், வேறு வகைச் செல்லில் வேறு இடம். கடிதம் ஒன்றே, பதிலோ அந்தந்த வீட்டின் உள் ஒழுங்கைப் பொறுத்தது.

நம் தமிழில் "மருந்துக்கு நோய் கேட்கவில்லை" என்கிறோம். நம் பாட்டிமார் எவ்வளவு சரியாகச் சொல்லி வைத்தார்கள்! கேட்பதற்குக் காது மட்டும் இருந்தால் போதாது. காதுக்கு உள்ளே இருக்கிற வீடும் ஒழுங்காயிருக்க வேண்டும்.

பதினாறாயிரம் பெண்கள்

இதை அறியாமல் மருத்துவ உலகமே ஒருமுறை தடுமாறியது. மாதவிடாய் நிற்கும் காலம்வரை பெண்களுக்கு மாரடைப்பு ஆண்களைவிடக் குறைவு. நின்ற பிறகு அது கூடுகிறது. ஆகவே ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாகக் கொடுத்தால் இருதயம் காக்கப்படும் என்று அநேக வருடங்கள் நம்பினார்கள். அமெரிக்காவில் பெண்கள் நலனுக்கான ஒரு பெரிய ஆய்வில் 50 முதல் 79 வயது வரையுள்ள 16,608 பெண்களைச் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை. மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை.

2002 ஜூலையில், குறித்த காலத்துக்கு முன்பே அந்த ஆய்வை நிறுத்திவிட்டார்கள். இருதய நோய் குறையும் என்று எதிர்பார்த்த இடத்தில் அது கூடியிருந்தது. வருடத்துக்குப் பதினாயிரம் பேரில் 30 பேருக்கு வரவேண்டியது, மாத்திரை எடுத்தவர்களில் 37 பேருக்கு வந்தது. பக்கவாதமும் மார்பகப் புற்றுநோயும் கூடின.

பின்பு கணக்குகளை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். மாதவிடாய் நின்று சில வருடங்களே ஆனவர்களிடம் இருதயத்துக்கு அந்தத் தீங்கு காணப்படவில்லை. நின்று இருபது வருடம் கடந்தவர்களிடமே அது அதிகமாகத் தெரிந்தது. ஒரே மாத்திரை, ஆனால் குழாய்கள் வேறு. காரணங்கள் பல உண்டு. அவற்றில் ஒன்று நம் பொருளைச் சேர்ந்தது. அடைப்பு வந்த குழாய்களின் திசுவை ஆராய்ந்தவர்கள், ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை உண்டாக்க வேண்டிய பகுதியின்மேலேயே மெத்தில் என்ற வேதிப்பூட்டு விழுந்திருப்பதை 1999-இல் கண்டிருந்தார்கள். அதாவது குமாஸ்தாவை நியமிக்கிற பதிவேட்டையே பூட்டியாயிற்று. அதன்பின் எத்தனை கடிதம் போட்டு என்ன?

நம் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. நான் சொல்லுவதைக் கேட்டு ஹார்மோன் மாத்திரையைத் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம். அதை உங்கள் மருத்துவரே உங்கள் வயதையும் உடலையும் பார்த்துச் சொல்ல வேண்டும்.

சுவர் சுருங்கிய வீடு

உட்கருவின் சுவர் எவ்வளவு முக்கியம் என்பதை உலகத்துக்குப் போதித்தவர்கள் சில சிறு பிள்ளைகள். புரோஜீரியா என்று ஒரு நோய் உண்டு. பல இலட்சம் பிறப்புகளில் ஒரு பிள்ளைக்கு வருகிற அபூர்வ நோய். பிறக்கும்போது பிள்ளை எல்லாரையும் போல இருக்கும். ஒன்று இரண்டு வயதுக்குள் வளர்ச்சி குன்றி, முடி உதிர்ந்து, தோல் சுருங்கும். புத்தியோ பழுதில்லாமல் இருக்கும். சிகிச்சை இல்லாவிட்டால் சராசரியாகப் பதினான்கு பதினைந்து வயதில், முதியவர்களைப் போல மாரடைப்பாலோ பக்கவாதத்தாலோ மரித்துப்போகிறார்கள்.

அமெரிக்காவில் மருத்துவர்களாகிய ஒரு தம்பதிக்கு 1996-இல் சாம் பெர்ன்ஸ் என்ற மகன் பிறந்தான். அவனுக்கு இந்த நோய் என்று தெரிந்தபோது அதற்குக் காரணமும் தெரியாது, மருந்தும் கிடையாது. பெற்றோரும் உற்றாரும் சேர்ந்து 1999-இல் ஒரு தர்ம ஸ்தாபனம் தொடங்கினார்கள். பொதுமக்களின் நன்கொடையைக் கொண்டு ஆராய்ச்சி நடந்தது. 2003-இல் காரணம் வெளிப்பட்டது. நான் முன்பு சொன்ன லாமின் வலை இருக்கிறதே, அதை நெய்யும் பகுதியில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. முந்நூறு கோடி எழுத்துகளில் ஒன்று! அதனால் பழுதான ஒரு புரதம் உண்டாகி, பிசின் போலச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. உட்கரு கசங்கிப் புடைத்துக்கொள்கிறது. சுவரோரத்தில் கட்டி வைத்திருந்தவை கட்டவிழ்ந்து இடம் மாறுகின்றன. மிகவும் அடிபடுவது இரத்தக் குழாயின் தசைச் செல்கள். அவை பெருவாரியாக அழிந்துபோகின்றன.

இந்த மாற்றம் பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து வருவதில்லை. புதிதாகத் தானே நேரிடுகிறது. பிறவிக் குருடனைக் கண்டு, இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் ஆண்டவரிடம் கேட்டார்களே, அந்தக் கேள்விக்கு ஆண்டவர் கொடுத்த பதிலை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

சாம் பள்ளிக்கூடத்து வாத்தியக் குழுவில் முரசடிக்க ஆசைப்பட்டான். முரசின் பாரம் அவனுடைய எடைக்குக் கிட்டத்தட்டச் சமம். எடை குறைந்த கட்டு ஒன்றைச் செய்து கொடுத்தார்கள். அணிவகுப்பில் நடந்து வாசித்தான். 2014 ஜனவரியில், 17-ஆம் வயதில், கர்த்தர் அவனை அழைத்துக்கொண்டார். அந்தப் பிசின் ஒட்டுவதைத் தடுக்கும் லோனாஃபார்னிப் என்ற மருந்து 2020 நவம்பரில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. அது நோயைத் தீர்ப்பதில்லை. ஆயுளைச் சராசரியாக இரண்டரை வருடம் நீட்டுகிறது. இரண்டரை வருடம் என்றால் ஒரு தாய்க்கு எவ்வளவு என்று நம் வார்டுகளில் நிற்கிற எங்களுக்குத் தெரியும்.

இதே பழுதான புரதம், மிகச் சிறு அளவில், நம்மைப் போல வயதாகிறவர்களின் செல்களிலும் இரத்தக் குழாய்களிலும் காணப்பட்டிருக்கிறது. அபூர்வமான ஒரு பிள்ளைக்காகச் செய்த காரியம் எல்லாருக்கும் வெளிச்சம் தந்தது.

2003-இல் இந்தக் காரணத்தைக் கண்டுபிடித்த குழுவை நடத்தியவர் டாக்டர் பிரான்சிஸ் காலின்ஸ். நாத்திகராயிருந்து விசுவாசியானவர். 1989-இல் அவர் நைஜீரியாவிலே எக்கு என்ற ஊரிலுள்ள ஒரு பாப்டிஸ்ட் மிஷன் மருத்துவமனையில் சில வாரம் வேலை செய்யப் போனார். வசதியில்லாத நிலையைக் கண்டு, தான் வந்ததால் என்ன ஆகிவிடும் என்று சோர்ந்துபோனார். காசநோயால் இருதயத்தைச் சுற்றி நீர் கோத்து மரணத் தருவாயிலிருந்த ஒரு விவசாய வாலிபனுக்கு ஊசி குத்தி அந்த நீரை எடுத்தார். மறுநாள் அந்த வாலிபன், நீர் இங்கே வந்தது எனக்காகவே என்கிற கருத்தில் அவரிடம் பேசினானாம். கோடிக்கணக்கான எழுத்துகளைப் படிக்கப்போகிற மனிதருக்கு, ஒரே ஒரு ஆளின் விலை இன்னதென்று ஒரு மிஷன் மருத்துவமனை கற்றுக்கொடுத்தது. இதைச் சொல்லுவதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். மன்னித்துக்கொள்ளுங்கள்.

நான்காவது மாத்திரை

நம் தாயாரிடத்துக்குத் திரும்புவோம். மூன்று மாத்திரைக்கும் அடங்காத அழுத்தம் அவர்களுக்கு. டாக்டர் அம்மா சொன்னது இது: ஆல்டோஸ்டீரோன் என்ற கடிதம் சிறுநீரகத்துக்கு எழுதப்படுகிறது, "உப்பைப் பிடித்து வை" என்று. ஆனால் அதை வாங்கும் குமாஸ்தா இரத்தக் குழாயின் செல்களிலும் இருக்கிறார். கடிதம் அளவுக்கு மிஞ்சி வந்துகொண்டேயிருந்தால், அவர் உட்கருவுக்குள் போய் வேண்டாத பதிவேடுகளையெல்லாம் திறக்கிறார். குழாய் தடித்து இறுகிவிடுகிறது. இப்படிப்பட்டவர்களுக்கு, புதிதாகக் கடிதம் போடுவதைவிட, அந்தக் குமாஸ்தாவின் கையைப் பிடித்துக்கொள்வதே மேல்.

அதைச் செய்கிற மாத்திரை ஸ்பைரோனோலாக்டோன். அறுபது வருடத்துக்கும் மேலாக இருக்கிற பழைய மாத்திரை, விலையும் குறைவு. கடுமையான இருதயத் தளர்ச்சியுள்ள 1,663 பேரிடம் நடத்தி 1999-இல் வெளியான ஆய்வில், இது மரணத்தை 30 சதவீதம் குறைத்தது. மூன்று மருந்துக்கும் அடங்காத இரத்த அழுத்தத்துக்கு நான்காவதாக எதைச் சேர்க்கலாம் என்று பிரிட்டனில் ஒப்பிட்டு 2015-இல் வெளியிட்டபோது, ஒப்பிட்டவற்றில் இதுவே சிறந்ததாக நின்றது.

தாயாருக்கு அந்த மாத்திரையைச் சேர்த்தார்கள். சில வாரங்களில் அழுத்தம் இறங்கியது. "அப்படியானால் அவர்கள் உடலில் எந்தக் கதவு பூட்டியிருந்தது?" என்று கேட்டேன். டாக்டர் அம்மா சிரித்தார்கள். "ஒரு நோயாளியின் குழாயைத் திறந்து அதைக் காட்ட என்னால் முடியாது ஐயா. தங்கைக்கு ஒரு விதம், அக்காவுக்கு ஒரு விதம் என்பதற்குச் சரீரத்திலேயே நூறு காரணம் உண்டு என்று மட்டும் தெரியும். அதில் ஒன்றுகூட அவர்களுடைய குற்றமல்ல" என்றார்கள்.

உவமையை மறுபடி வாசித்தேன்

அன்றிரவு மத்தேயு பதின்மூன்றாம் அதிகாரத்தை மறுபடியும் எடுத்தேன். எத்தனை தடவை பிரசங்கித்த பகுதி! செமினரியில் கிரேக்கத்தில் படித்த பகுதி. இத்தனை வருடம் கவனிக்காத ஒன்றை அன்று கவனித்தேன். உவமையிலே ஆண்டவர் நிலங்களைப் பார்த்துக் கோபிக்கவில்லை. வழியோரம் தன்னைத்தானே மிதித்துக்கொள்ளவில்லை. நடந்து போனவர்கள் மிதித்தார்கள். கற்பாறை தன் கல்லைத் தானே பொறுக்கி எறிய முடியாது. முள்ளுள்ள நிலம் தன் முள்ளைத் தானே பிடுங்க முடியாது. எந்த ஊரிலாவது நிலம் தன்னைத்தானே உழுதுகொண்டதுண்டா? கலப்பை பிடிக்க வேண்டியவன் வேலைக்காரன். நானோ கலப்பையை ஓரமாக வைத்துவிட்டு, நிலத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே பிரசங்கபீடத்தில் நின்று, நான் சொன்னது தவறு என்று சொன்னேன். மருந்து கேட்காதவர்களின் விசுவாசத்தை நான் நிறுத்துப் பார்த்தேன், அது எனக்குரிய வேலையல்ல என்று சபைக்கு முன்பாக அறிக்கை செய்தேன். யாரும் கைகுலுக்க வரவில்லை. ஆனால் ஆராதனை முடிந்தபின் நான்கு பேர் தனித்தனியே வந்து, தாங்களும் மாத்திரையை நிறுத்தியிருப்பதாகச் சொன்னார்கள். அந்த நால்வரை நினைத்தால் இன்றைக்கும் என் உடல் நடுங்குகிறது.

தாயாரிடமும் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கய்யா, இப்ப மாத்திரையைப் போட்டுட்டுத்தான் ஜெபத்துல உக்கார்றேன்" என்றார்கள். நடக்கிறார்கள், பேசுகிறார்கள். வலது கை மட்டும் முழுவதும் திரும்பவில்லை. தன் வேதாகமத்தின் ஓரங்களில் அழகாகக் குறிப்பெழுதும் கை அது. இப்பொழுது இடது கையால் எழுதப் பழகுகிறார்கள். சிறு பிள்ளையின் எழுத்தைப் போல இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் நாவை அடக்கும்படி கர்த்தர் எனக்கு நினைப்பூட்டுகிறார்.

உங்கள் காணிக்கை என்ன செய்கிறது

நீங்கள் அனுப்புகிற காணிக்கை எங்கே போகிறது என்று சிலர் கேட்கிறீர்கள். ஒரு வார்த்தையில் சொன்னால், கல் பொறுக்கப் போகிறது. உட்கருவின் பூட்டைத் திறக்கும் சாவி நம் மருத்துவமனையில் இல்லை. ஆனால் இரத்தக் குழாயின் செல்லைக் கலங்கடிக்கிறவை எவையென்று தெரியும்: அடங்காத இரத்த அழுத்தம், சர்க்கரை, புகையிலை, அளவுக்கு மிஞ்சிய உப்பு. ஆகவே நம் செவிலியர் வாரந்தோறும் கிராமங்களுக்குப் போய், வேப்பமரத்தடியில் மேசை போட்டு அழுத்தம் பார்க்கிறார்கள். நான்காவது மாத்திரை எடுக்கிறவர்களுக்கு இரத்தத்தில் பொட்டாசியம் கூடிவிடலாம். அது இருதயத்துக்கு ஆபத்து. ஆகவே குறித்த நாளில் பொட்டாசியமும் சிறுநீரகமும் பரிசோதிக்க வேண்டும். மாத்திரை மலிவு, பரிசோதனைக்கு வந்துபோகும் பஸ் செலவும் ஒருநாள் கூலியும்தான் ஏழைக்குப் பாரம். அந்தப் பாரத்தை நீங்கள் சுமக்கிறீர்கள்.

நம் தாயாரும் அந்தக் குழுவோடு போகிறார்கள். இப்பொழுது வேதபாடத்தோடு இன்னொரு பாடமும் எடுக்கிறார்கள். "மாத்திரை கேக்கலன்னா மாத்திரையை நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட வாங்க. வேற மாத்திரை இருக்கு" என்று துவண்ட கையைக் காட்டிச் சொல்லுகிறார்கள். என்னுடைய பிரசங்கத்தைவிட அந்தக் கைக்கு ஜனங்கள் அதிகமாகக் கேட்கிறார்கள்.

கடைசியாக உங்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் சபையிலும் உங்கள் வீட்டிலும் மருந்து கேட்காத ஒருவர் இருக்கக்கூடும். வெகுநாள் வியாதிக்காரர், பிள்ளைக்கு நோய் தீராத ஒரு தாய், எத்தனை ஜெபித்தும் எழும்பாத ஒருவர். அவர்களைப் போய்ப் பாருங்கள். எந்த நிலம் என்று கேட்காதீர்கள். கலப்பையை எடுத்துக்கொண்டு போங்கள். ஆஸ்பத்திரிக்கு வர வண்டி வேண்டுமானால் வண்டி, துணை வேண்டுமானால் துணை.

நம்மை உருவாக்கினவர் நம் உள்ளின் உள்ளையும் அறிந்திருக்கிறார். திறந்த கதவும் பூட்டிய கதவும் அவருக்கு முன்பாக ஒன்றுதான். அவருடைய கிருபையும் சமாதானமும் உங்கள் வீடுகளிலும், நம் மருத்துவமனையின் ஒவ்வொரு கட்டிலருகிலும் தங்கியிருப்பதாக. ஆமென்.